முதல் இறால்

மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்கள் உணவகத்தில் ஒன்றும் நடக்காது. சாப்பிட வந்தவர்கள் போயிருப்பார்கள். குடிக்க வருகிறவர்கள் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். கூரையில் மரச் சிறகு வைத்த மின்விசிறிகள் காற்றுக்காக இல்லாமல் அழகுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். உத்தரங்களிலிருந்து சாம்பல் பச்சையில் பிளாஸ்டிக் பாசி தொங்கும். ஸ்பீக்கரில் ஓர் அக்கார்டியன், பக்கத்து அறையில் யாரோ பழகிப் பார்ப்பது போல மெதுவாக வாசிக்கும். பார் அலமாரியில் அடுக்கிய நீலப் பாட்டில்களுக்குள் வெயில் நுழைந்து தரையில் விழும். வெளியே துபாய் மெரினாவின் கால்வாயில் ஒரு படகு போனால் தரையில் கிடக்கும் நீலமும் சேர்ந்து அசையும். கால் கடுக்க நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துபாயில் என் முதல் ஆறு மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நீலம்தான்.

ஒரு ஹோட்டலின் தரைத்தளத்தில் இருந்தது அந்த இடம். அமெரிக்காவின் தெற்கு ஓரத்தில், ஆறுகள் கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில் வாழ்கிறவர்களின் சமையல். காஜன் என்று பெயர். எங்களில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. மேனேஜர் கோவாக்காரர். பாரில் நிற்பவர் நேபாளி. பெரிய பாத்திரங்களில் இறாலும் நண்டும் வேகவைக்கும் அடுப்பு, மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் அக்காவின் பொறுப்பில் இருந்தது. நான் தூத்துக்குடி. இத்தனை பேரும் சேர்ந்து நாங்கள் பார்க்காத ஓர் ஊரைத் தினமும் பதினொரு மணிக்குத் திறந்துவைத்தோம்.

சுவர் முழுக்க ஒரு படம் வரைந்திருந்தார்கள். தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள், மூடுபனி, ஆளில்லாத ஒரு சின்னப் படகு. சும்மா நிற்கும் நேரத்தில் நான் அந்தப் படகில் ஏறிவிடுவேன். இரண்டு மரங்களைத் தாண்டினால் எனக்கு ஒரு வீடு இருந்தது. அதற்கு மரப்படிகள், படிகளைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு மேசை, மேசையில் என் சான்றிதழ்கள். கனவில்கூடச் சான்றிதழ்களை விடாத ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் முதல், ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில் கல்லூரியில் முதல். இதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை.

வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அதில் என்ன இருக்கிறது, எப்படிச் சமைக்கிறார்கள், விருந்தாளியிடம் எப்படி விவரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் அதை லாக்கரில் வைத்தார்கள். நான் நான்கு நாட்களில் முழுவதையும் மனப்பாடம் செய்தேன். நம்மூரில் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, கராமா பகுதியில் ஆறு பெண்கள் தங்கியிருந்த அறையின் பால்கனியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு, வாய்விட்டு. கம்போ என்ற குழம்பில் மாவும் எண்ணெயும் சாக்லேட் நிறம் வரும்வரை எவ்வளவு நேரம் கிண்டப்படுகிறது என்று கேட்டால், புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மேசையில் ஆட்கள் உட்கார்ந்ததும் நான் ஒப்பிக்க ஆரம்பித்தால் அடுக்களை ஜன்னலில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். முடித்துவிட்டு உள்ளே போனால் கேட்பாள்.

"டீச்சர், இண்டைக்கு எத்தின பாடம் முடிஞ்சிது?"

"கேலி பண்ணாதீங்கக்கா. அவங்களுக்குப் பிடிச்சிருந்தது."

"ஓம், பிடிச்சிருக்கும். அந்தப் பெரியவர் ரெண்டு தரம் கொட்டாவி விட்டவர். சரி, நீ அந்தக் கம்போவ ஒருக்காவாவது திண்டு பாத்தியா, புள்ள?"

நான் தின்றதில்லை. பணியாளர் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதம் டப்பாவைத் திறந்துவிடுவேன். கம்போவின் ருசிதான் புத்தகத்தில் இருக்கிறதே.

அந்த உணவகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. இறால், நண்டு, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் காரமும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரில் ஒன்றாக வேகவைத்து, காகிதம் விரித்த மேசையின் நடுவில் அப்படியே கவிழ்த்துக் கொட்டுவார்கள். பாய்ல் என்று அதற்குப் பெயர். தட்டு கிடையாது. கையால்தான் சாப்பிட வேண்டும். ஆவி மேலே எழுந்து விளக்கை மறைக்கும். மேசையைச் சுற்றி இருக்கிறவர்களின் முகம் ஒரு நிமிடம் தெரியாது. ஆவி கலைந்ததும், அந்த மேசைக்குப் பரிமாறுகிறவர் குவியலிலிருந்து ஓர் இறாலை எடுத்து, தலையைத் திருகி, தோட்டை உரித்து, அங்கே இருப்பதிலேயே வயதில் சின்னவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் இறால் நம்முடையது என்று மேனேஜர் சொல்வார். அது கொடுக்கப்படும்வரை யாரும் தொடமாட்டார்கள்.

எனக்கு இறால் உரிக்கத் தெரியாது. தூத்துக்குடிக்காரிக்குத் தெரியாது என்றால் நம்பமாட்டீர்கள். அம்மா இருபத்திரண்டு வருடமாக இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை செய்கிறவள் என்பதையும் சொன்னால் இன்னும் நம்பமாட்டீர்கள்.

காலையில் ஐஸ் பெட்டிகளுக்கு முன்னால் நின்றால் சாயங்காலம்வரை தலை, தோடு, குடல் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். விரல் நுனியெல்லாம் வெளுத்து, வெடித்து, வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் ரேகை விழாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள். பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். கடைசியில் கடைக்காரர், வேறு ஆளைக் கூட்டிவா என்பார். பதினோரு வயதில் ஒரு லீவு நாளில் அம்மாவுடன் கம்பெனிக்குப் போய், அவளுக்கு உதவலாம் என்று ஓர் இறாலை எடுத்தேன். புறங்கையில் பட்டென்று அடித்தாள். அம்மா என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். அதன்பிறகு எங்கள் வீட்டில் இறாலே சமைக்கவில்லை.

துபாய் வந்ததும் அடையாள அட்டைக்காக ரேகை எடுத்தார்கள். கண்ணாடியில் வைத்த உடனே பத்து விரலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன். கல்லூரியில் முதலாவதாக வந்ததற்குக்கூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

உரிக்கத் தெரியாததால் வேலையில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். என்னோடு பரிமாறும் பிலிப்பினோ பெண்ணுக்கு நீளமாகப் பேசப் பிடிக்காது. அவளுடைய மேசைகளில் நான் போய் விவரிப்பேன். என் மேசையில் பாத்திரம் கவிழும் நேரத்துக்கு அவள் வந்து உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஐந்து மாதம் இப்படி ஓடியது. ஆறாவது மாதம், ப்ரொபேஷன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பாய்ல் மேசை. முழுக்க நீ மட்டும்தான். கூட யாரும் வரக்கூடாது. நான் பாரில் உட்கார்ந்து பார்ப்பேன். அதை வைத்துத்தான் உன்னை நிரந்தரமாக்குவதா, டிக்கெட் போட்டு அனுப்புவதா என்று எழுதுவேன்." அவர் இந்தியில் சொன்னது இது. பிறகு ஆங்கிலத்தில், "எனக்கு எல்லாம் தெரியும்" என்றும் சொன்னார்.

எனக்கு இருந்த வழி நேரானது. அக்காவிடம் கேட்டு ஒரு கிண்ணம் இறாலை உரித்துப் பழகியிருக்கலாம். ஆனால் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அம்மாவை ஃபோனில் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். எதையும் அவளிடம் கேட்காமல் செய்து பழக்கமில்லாதவள் நான்.

"எதுக்குட்டி ஒனக்கு அந்த வேல?" என்றாள் அம்மா.

"வேல இல்லம்மா. மேசைக்கு ஒன்னு. ஒன்னே ஒன்னு."

"ஒன்னுலதான் ஆரம்பிக்கும். நானும் ஒரு மாசத்துக்குன்னுதான் போனேன். டிகிரி படிச்ச பிள்ளய கூட்டிட்டுப் போயி றால் உரிக்கச் சொல்லுதானா அவன்? சோலியப் பாத்துட்டுப் போகச் சொல்லு. நீ கெளம்பி வந்துரு. இங்கன வேலயா இல்ல?"

"எம்மா, இது பெரிய எடம்."

"பெரிய எடத்துல வேற ஆளு உரிக்கட்டும். எம்மேல சத்தியம் பண்ணு. தொடமாட்டேன்னு சொல்லு."

அறையில் மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்கப் பால்கனிக்கு வந்தேன்.

"சொல்லுட்டி."

சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைவரை நான் நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் நடந்தது போல இருந்தது. மெட்ரோ கண்ணாடியில் கட்டடங்கள் வெள்ளைப் புழுதியில் மிதந்துகொண்டு போயின. சுவரில் இருந்த படகில் ஏறி உட்கார்ந்தால் அது நகரவில்லை. புத்தகத்தில் இறால் உரிப்பதற்கு ஒன்பது படிகள் போட்டிருந்தது. அந்த ஒன்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மனப்பாடம் செய்தேன். தொடாமலே, விருந்தாளிகளை வைத்தே உரிக்க வைத்துவிடலாம் என்பது என் திட்டம். பேச்சில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே.

ஞாயிறு மதியம் வந்தவர்கள் நான்கு பேர். கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். சவுதியின் அல் கோபாரில் எண்ணெய்க் கம்பெனி வேலை, லீவுக்குத் துபாய் பார்க்க வந்தவர்கள். மெனுவைக் கொடுத்ததும் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க தமிழா?"

"ஆமாங்க."

"அப்பாடா. ஏங்க, இவங்க தமிழாம். இனி நேத்து மாதிரி கை காட்டிக் கேக்க வேண்டாம்."

"நான் எங்க கை காட்டினேன்?" என்றார் கணவர். "மெனுல படம் இருந்துச்சு. படத்தக் காட்டினேன்."

நான் விவரித்தேன். அன்று விவரித்தது போல வேறெப்போதும் விவரித்ததில்லை. சதுப்பு நிலத்தையும் மரங்களையும் மூடுபனியையும்கூடச் சேர்த்துக்கொண்டேன். பார் நுனியில் மேனேஜர் ஒரு தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் காதருகே, "பயப்படாத புள்ள, அது செத்துப்போன சாமான்" என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்தாள்.

ஆவி எழுந்தது. எலுமிச்சை, பூண்டு, மிளகாய். விளக்கு மறைந்தது, முகங்கள் மறைந்தன. அந்த ஒரு நிமிடத்தில் நான் எங்கும் இல்லை. ஆவி கலைந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கலைந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் படியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். இடது கையில் தலையைப் பிடிக்க வேண்டும், வலது கையில் உடலைப் பிடிக்க வேண்டும். ஐந்தாவது படியில் சின்னப் பெண் குறுக்கிட்டாள். ஏழு வயதிருக்கும். பிளாஸ்டிக் ஏப்ரன் அவள் முழங்கால்வரை வந்தது.

"அக்கா, யூ டூ இட். ஐ வில் வாட்ச்."

"நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணலாம், ரொம்ப ஈஸி."

"ஈஸின்னா நீங்க பண்ணுங்க."

மூத்தவள் சிரித்தாள். அப்பா சிரித்தார். மேனேஜர் பேனா மூடியைத் திறந்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் படகில் ஏற இடமில்லை. பொய்ச் சத்தியத்துக்கு அம்மாவுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாது என்று படித்த பெண்ணாக எனக்குத் தெரியும். ஆனாலும் மனதுக்குள் அவளிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். குவியலின் ஓரத்தில் இருந்ததிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தேன்.

சூடாக இருந்தது. ஐஸில் கிடக்கும் பொருளாகவே அதை நினைத்து வைத்திருந்ததால் அந்தச் சூடு எனக்கு எதிர்பாராதது. தலையைத் திருகினேன். தலையோடு பாதிச் சதையும் பிய்ந்து வந்தது. தோட்டின் முள் கட்டைவிரல் நகத்துக்குள் ஏறியது. சிவப்புத் தண்ணீர் தெறித்து என் வெள்ளைச் சட்டையின் பையில் படர்ந்தது. ஒன்பதாவது படி முடிந்தபோது என் விரல்களுக்கு நடுவே எஞ்சியிருந்தது ஒரு கடலைப் பருப்பு அளவுக்கு இருக்கும்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தூத்துக்குடி."

"தூத்துக்குடில பொறந்துட்டு றால் உரிக்கத் தெரியாதா? வெளிய சொல்லிறாதீங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை வருடப் படிப்பில் என்னைப் பார்த்துத் தெரியாதா என்று ஒருவரும் கேட்டதில்லை. காது சூடானது.

"எங்க அம்மா றால் உரிச்சுதாங்க என்னப் படிக்க வெச்சாங்க. அந்த வேலைய நான் தொடவே கூடாதுன்னு இருந்தாங்க. அதான் எனக்குத் தெரியாது."

புத்தகத்தில் இல்லாத வாக்கியத்தை அந்த உணவகத்தில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சின்னப் பெண் கையை நீட்டி அந்தக் கடலைப் பருப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஸ்மால், பட் குட்," என்றாள். "நெக்ஸ்ட் பெரிசா பண்ணுங்க."

"இவ அப்பாவும் ஒன்னும் தெரியாதவர்தான்," என்றார் அந்த அம்மா, கணவரைக் காட்டி. "தட்டுல உரிச்சு வெச்சாத்தான் அது றாலுன்னே தெரியும். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கோங்க."

"என்னை எதுக்கு இழுக்கிற?" என்று அவர் கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்தார். அது அவர் கையிலிருந்து வழுக்கிப் பக்கத்து மேசைக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த மேசையில் யார் பரிமாறுகிறவர், யார் விருந்தாளி என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. நான் கெடுத்ததைச் சின்னவள் தின்றாள். அவள் கெடுத்ததை அவள் அப்பா தின்றார். மக்காச்சோளம் எந்த வயலில் விளைகிறது என்று நான் சொல்ல மறந்தே போனேன்.

அவர்கள் போனபின் மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"தமிழ் எனக்குப் புரியாது. ஆனால் மேசையைப் பார்த்தால் புரிந்தது, பேச்சு நன்றாக இருந்தது. முதல் பாதி இல்லை, இரண்டாவது பாதி. இறாலை நீ செய்தது கொலை." பேனாவை மூடினார். "கன்ஃபர்ம் என்று எழுதிவிட்டேன். ஆனால் இனி ஒவ்வொரு மேசைக்கும் முதல் இறால் உன்னுடையது. உனக்குப் பதிலாக அந்தப் பிலிப்பினோ பெண்ணை அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும். கலாஸ், அவ்வளவுதான்."

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்று என்றால் அம்மாவிடம் மறைத்துவிடலாம். தினமும் என்றால் தினமும் பொய் சொல்ல வேண்டும். மூன்று மணி ஆகியிருந்தது. நீலம் தரையில் வந்து விழுந்திருந்தது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, இங்கே வீடியோ அழைப்புக்கு அனுமதி உள்ள ஆப்பைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிறு அவளுக்கு லீவு. திரை நிறைய அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"எம்மா, வேல நிரந்தரமாயிட்டு."

"ஆயிட்டா? நல்லது. சட்டைல என்னட்டி செவப்பு? ரத்தமா?"

"இல்ல. றால்."

நெற்றி அசையவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சத்தியத்தை மீறியதையும், இனி தினமும் மீறப்போவதையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், ஊருக்கு வரச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஃபோன் கொஞ்சம் கீழே இறங்கியது. அவள் கண் தெரிந்தது.

"ஐஸ் றாலா, வெந்ததா?"

"வெந்தது."

"வெந்தத உரிச்சியா?"

"ஆமா."

"அட, போட்டி அங்கிட்டு. வெந்தத உரிக்கது ஒரு வேலயா? அது திங்கிறதுல்ல? சாப்புடும்போது எல்லாரும்தான் உரிப்பாங்க. நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

"அப்போ சத்தியம்?"

"நான் சத்தியம் வாங்குனது பச்ச றாலுக்கு. பச்சயத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

அவள் அதை அங்கேயே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கெட்டிக்காரி நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ தின்னியா?" என்று கேட்டாள்.

"நான் எங்க தின்னேன்? எல்லாம் அந்தப் பிள்ளை தின்னுச்சு."

"தின்னு பாரு. நானே கம்பெனில ஒன்னு வாயில வெச்சது கெடயாது. வெச்சா வெளிய அனுப்பிருவான். தின்னுட்டு எப்டி இருக்குன்னு சொல்லு."

அக்கா அடுக்களை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஃபோனைக் காரச் சாஸ் பாட்டிலில் சாய்த்து, அம்மாவுக்கு என் கை தெரியும்படி திருப்பிவிட்டுப் போனாள்.

முதல் இறாலின் தலையைத் திருகினேன்.

"ஏட்டி, ஏட்டி. கோழி கழுத்தயா திருகுத?"

இரண்டாவது.

"சதையெல்லாம் தோட்டுல போச்சு. எங்க சூப்பர்வைசர் பாத்தா மயங்கி விழுந்துருவா."

வாயில் போட்டேன். உப்பும் காரமும் எலுமிச்சையும், அதற்கு அடியில் ஓர் இனிப்பும் இருந்தன. அந்த இனிப்பைப் பற்றிப் புத்தகத்தில் எழுதவில்லை. இனிக்குதும்மா என்றேன். "அப்டியா, இனிக்குமா?" என்று கேட்டாள், நிஜமாகவே தெரியாதவள் போல. வெளியே ஏதோ படகு போயிருக்க வேண்டும், மேசை மேல் நீலம் அசைந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு குறை சொன்னாள். நான் ஒவ்வொன்றையும் தின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாடத்தில் கடைசியாக நின்றேன். எனக்கு அது அவமானமாக இல்லை.

ஏழாவதை உரித்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. லைன் நின்றுபோய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நிற்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.